சுவரில் விழும் நிழலா, கைப்பேசிப் படமா? வீட்டிலேயே நிழலுரு வெட்டிப் பரிசளிக்க ஏற்ற வழி

தாத்தாவுக்கு எண்பது நிறைவதையொட்டி அம்பாசமுத்திரத்து வீட்டில் நடக்கவிருந்த சதாபிஷேகத்துக்கு மூன்று வாரங்களே இருந்தபோது, பேரப்பிள்ளைகள் ஒன்பது பேரின் பக்கவாட்டு முகங்களையும் தாளில் வெட்டி ஒரே சட்டத்தில் அடக்கி ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் கொடுப்பது என்றும், அவர்கள் இருவர் முகங்களையும் அதேபோல வெட்டிப் பிள்ளைகள் ஐந்து பேர் வீட்டுக்கும் ஆளுக்கொரு ஜோடியாகக் கொடுப்பது என்றும் சொல்லி நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கையில் இருந்த பணம் குறைவு. வேலை முடிந்து பாளையங்கோட்டை வீட்டுக்குத் திரும்பிய பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் பொழுது. ஆகவே எந்த முறையில் செய்வது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையிலும் ஒன்றிரண்டு முகங்களையாவது வெட்டிப் பார்த்த பிறகே ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவும் எல்லா முகங்களுக்கும் ஒன்றாக இல்லை.

நிழற்படம் என்ற சொல் போட்டோவுக்கு வழங்கிவிட்டதால், முகத்தின் பக்கவாட்டு வெளிக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்பும் இந்தப் படத்தை நிழலுரு என்றே சொல்கிறேன். மேலைநாட்டில் இதற்கு வழங்கும் சில்லுவெட் என்ற பெயர், 1759-ஆம் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே பிரான்சின் நிதிப் பொறுப்பில் இருந்து, அதற்குள் சிக்கன நடவடிக்கைகளால் செல்வந்தர்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்ட எத்தியேன் த சில்லுவெட் என்பவரின் பெயர். மட்டமான, மலிவான பொருளையெல்லாம் அவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்த காலத்தில், ஓவியருக்குக் கூலி கொடுக்க வசதியில்லாதவர்கள் வெட்டி வைத்துக்கொண்ட இந்தக் கருப்புப் படத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. காசில்லாதவர்களின் கலையாகப் பெயர் வாங்கியது நம் கைக்கு அடங்காமலா போகும் என்ற தைரியத்தில்தான் நானும் இறங்கினேன்.

முறைகளைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிழலுருவில் ஆளை அடையாளம் காட்டுவது, நெற்றியில் தொடங்கி மூக்கு, மேலுதடு, கீழுதடு, மோவாய் வழியாகத் தொண்டைக்கு இறங்கும் ஒரு சாண் கோடுதான். மற்றதெல்லாம் அந்தக் கோட்டுக்கு முட்டுக்கொடுக்கும் பகுதி. பின்தலையில் அரை சென்டிமீட்டர் பிசகினாலும் ஒருவரும் கவனிப்பதில்லை. மேலுதட்டுக்கும் மூக்கின் அடிக்கும் இடையிலுள்ள சிறு குழிவில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிவிட்டாலோ, என் சித்தப்பா மகன் யாரோ ஒரு அடுத்த தெருப் பையனாகிவிடுகிறான். எனவே ஒரு முறையை எடைபோடும்போது, அது அந்த ஒரு சாண் கோட்டை எவ்வளவு நம்பகமாகப் பிடித்துக் கொடுக்கிறது என்பதையே முதலில் பார்த்தேன். செலவும் நேரமும் அதற்கு அடுத்தவை.

இருப்பதிலேயே பழைய முறை சுவரில் விழும் நிழலைச் சுற்றி வரைவது. ஊரைவிட்டுப் போகவிருந்த காதலனின் முகநிழலை விளக்கொளியில் சுவரில் வரைந்து வைத்துக்கொண்டாள் ஒரு குயவரின் மகள் என்றும், அவளுடைய தந்தை அந்தக் கோட்டுக்குள் களிமண்ணை அப்பி உருவம் செய்தார் என்றும் ரோமானிய அறிஞர் பிளினி ஒரு கதை சொல்கிறார். கதையில் விளக்கு என்று இருப்பதை நம்பி நானும் முதலில் பூஜையறைக் குத்துவிளக்கை எடுத்து வைத்துப் பார்த்தேன். சுடர் ஆடுகிறது, சுடர் ஆடினால் மூக்கும் ஆடுகிறது. அடுத்து எல்.இ.டி. பல்பு. முகம் தெரிந்தது, ஆனால் ஓரம் முழுக்கப் புகை படர்ந்ததுபோல் இருந்தது, பென்சிலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

காரணம் எளிய கணக்கு. உட்கார்ந்திருப்பவரின் தோள் சுவரைத் தொட்டாலும், முகத்தின் நடுக்கோடு சுவரிலிருந்து ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். விளக்கு முகத்திலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்து, அதன் ஒளிரும் பகுதி ஆறு சென்டிமீட்டர் அகலமாக இருந்தால், நிழலின் ஓரத்தில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கல் பட்டை விழும். அதே இடத்தில் கைப்பேசியின் டார்ச்சை வைத்தால், அதன் ஒளிப்புள்ளி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் என்பதால், மங்கல் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. விளக்கின் வலுவைவிட அதன் சிறுமைதான் இங்கே முக்கியம். டியூப் லைட் இதற்கு உதவவே உதவாது. கரண்ட் போனால் எடுக்கும் எமர்ஜென்சி விளக்கில் பல ஒளிப்புள்ளிகள் இருப்பதால் ஒரு மூக்குக்கு நான்கு மூக்கு தெரியும். நம் தென்மாவட்டங்களில் ஆடப்பட்ட தோற்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரிந்திருக்கும்: பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் கோடு கூர்மையாக விழுகிறது, திரையைவிட்டு விலக்கினால் கலங்கிப் பெரிதாகிறது. மனிதத் தலையைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க முடியாது என்பதுதான் நம்முடைய சிக்கல்.

டார்ச்சை மூக்கின் உயரத்துக்குச் சரியாக, சுவருக்கு நேராக, இரண்டு மீட்டருக்குக் குறையாத தூரத்தில், புத்தக அடுக்கின் மேல் வைத்தால் நிழல் உண்மை முகத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு மட்டுமே பெரிதாக விழும். உயரம் மாறினால் மோவாய் நீண்டோ நெற்றி நீண்டோ போய்விடும். இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, வரைபவரின் கையே நிழலை மறைக்கும். அதனால் எப்போதும் முகத்துக்கு வெளிப்புறத்திலிருந்து கையை நீட்டி வரைய வேண்டும். மற்றது, உட்கார்ந்திருப்பவர் எச்சில் விழுங்கினால்கூடக் கோடு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் முக அமைப்பைக் கொண்டு குணம் சொல்லலாம் என்று நம்பிய சுவிட்சர்லாந்துக்காரர் லவாட்டர், இதற்கென்றே தலையைச் சாய்க்க ஒரு முட்டும், பக்கத்தில் ஒரு திரையும் உள்ள நாற்காலியைப் பயன்படுத்தினார். வரைபவர் திரைக்கு மறுபுறம் இருந்து வரைவார். அவருடைய குணஜோசியத்தை விட்டுவிடலாம், நாற்காலியை விடக்கூடாது. ஜன்னல் கண்ணாடியில் டிரேசிங் பேப்பரை ஒட்டி, ஆளை அறைக்குள் ஜன்னலோரமாக உட்காரவைத்து, விளக்கையும் உள்ளேயே வைத்துவிட்டு நாம் திண்ணையில் நின்று வரைந்தால் கைநிழல் தொல்லை அறவே போய்விடுகிறது. பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சுருட்டி முட்டுக் கொடுத்தால் அசைவும் பாதியாகக் குறைகிறது.

மாலை வெயிலில் மொட்டைமாடிச் சுவரில் வரையலாமே என்று என் மதினி கேட்டாள். வெயிலின் கதிர்கள் இணையாக வருவதால் நிழல் பெரிதாகாது என்பது உண்மைதான். ஆனால் சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது, பென்சில் கழுத்துக்கு வருவதற்குள் நெற்றி வேறிடத்தில் இருக்கும். மேலும் நிழல் நீளாமல் நேராக விழுவதற்குச் சூரியன் தொடுவானத்துக்கு இறங்க வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் அதற்குள் மலை அதை மறைத்துவிடுகிறது.

சுவர் நிழலின் செலவு ஒரு சார்ட் தாள்தான். ஆனால் ஆள் நேரில் இருக்க வேண்டும், பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும், கிடைக்கும் படம் ஆளுயர முகமாக இருக்கும். பெரியவர்களின் தலையும் கழுத்தும் ஏ4 தாளில் அடங்குவதில்லை; ஏ3 வேண்டும். அதைச் சிறிதாக்கக் கட்டம் போட்டு வரையத் தேவையில்லை. ஏ3 தாளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து 71 சதவீதத்தில் எடுத்தால் ஏ4 ஆகும், அதையே மறுபடி 71 சதவீதத்தில் எடுத்தால் ஏ5 ஆகும். இரண்டும் சேர்ந்து சரியாகப் பாதி. கோட்டைக் கருப்பு மையால் அழுத்தி வரைந்திருந்தால் நகலில் சுத்தமாக விழும்.

இனி கைப்பேசி. பேரப்பிள்ளைகள் ஒன்பது பேரில் ஐந்து பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்ததால், அவர்களுக்குச் சுவர் நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதலில் வந்தவற்றில் மூன்று செல்பிகள், ஒன்று கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது, ஒன்றில் பாதி முகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு விவரமாக எழுதி அனுப்ப வேண்டியதாயிற்று: இன்னொருவர் எடுக்க வேண்டும், இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜூமை இரண்டு மடங்காக வைத்து, மூக்கின் உயரத்தில் கைப்பேசியைப் பிடிக்க வேண்டும், மறுபக்கக் கண்ணின் இமைமுடி தெரிந்தால் முகம் முழுதாகத் திரும்பவில்லை என்று பொருள், தலைமுடி கழுத்தை மறைக்கக் கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், பல்லைக் கடிக்கக் கூடாது. தூரத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அருகிலிருந்து எடுத்தால் காமிரா பக்கத்துக் கன்னமும் புருவமும் முன்னுக்கு வந்து, நமக்கு வேண்டிய நடுக்கோட்டை ஓரளவு மறைத்துவிடுகின்றன.

சிறுபிள்ளைகளுக்கு வீடியோ எடுப்பதே சிறந்தது. இரண்டு வயதுக் குட்டியைப் பக்கவாட்டில் உட்கார் என்று சொல்லிப் பயனில்லை, டி.வி.யில் அவளுக்குப் பிடித்ததைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நின்று ஒரு நிமிட வீடியோ எடுத்தால், அதில் வாய் மூடிய ஒரு கணமாவது அகப்படும். அந்தக் கணத்தை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். வெளிக்கோடு மட்டுமே வேண்டியிருப்பதால் படத்தின் தெளிவு சற்றுக் குறைந்தாலும் கெடுதல் இல்லை.

படம் கிடைத்த பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது. படத்தைச் செயலியில் கொடுத்துப் பின்னணியை நீக்கி, உள்ளே முழுக்கக் கருப்பாக்கி அப்படியே அச்சிட்டுக்கொள்வது ஒன்று. சாதாரணமாக அச்சிட்டு, அதைக் கருப்புத் தாளின்மேல் வைத்துக் கையால் வெட்டுவது மற்றொன்று. முன்னதற்கு ஒரு செயலியும்கூடத் தேவையில்லை. ஆளை வாசல் நடையில் உட்காரவைத்து, பின்னால் தெரியும் வெளிச்சமான வானத்தைத் திரையில் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இறக்கினால் முகம் தானாகவே கருப்பாகிவிடும். பார்ப்பதற்கு இதுவே மிக எளிய வழி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனினும் அச்சில் அது ஏமாற்றியது. ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டரில் இவ்வளவு பெரிய கருப்புப் பரப்பை எடுத்தபோது டோனர் குறைவோ என்னவோ, நெற்றியிலிருந்து கழுத்துவரை சாம்பல் கோடுகள் ஓடின. இங்க்ஜெட்டில் எடுத்தது நன்றாகக் கருத்தது, ஆனால் தாள் ஈரத்தில் சுருண்டது, விரல் பட்ட இடத்தில் மை தீற்றியது. அதைவிடப் பெரிய குறை, கையில் வாங்குபவருக்கு அது ஒரு பிரிண்ட் அவுட் என்று தெரிந்துவிடுகிறது. வெட்டி ஒட்டிய தாளுக்கு ஒரு விளிம்பு உண்டு. வெளிச்சம் சாய்வாகப் படும்போது அந்த விளிம்பு தன் பங்குக்கு ஒரு மெல்லிய நிழலைப் போடும். அச்சிட்ட படத்தில் அது இல்லை.

கையால் வெட்டுவதற்கு, படத்தைத் தலை மட்டும் பத்து சென்டிமீட்டர் உயரம் வரும்படி கருப்பு வெள்ளையில் அச்சிட்டு, கருப்புத் தாளின்மேல் வைத்து, கோட்டுக்கு வெளியே நான்கைந்து இடங்களில் ஸ்டேப்ளர் அடித்து, இரண்டு தாளையும் சேர்த்தே வெட்டிவிட வேண்டும். டிரேஸ் எடுப்பது, கார்பன் வைப்பது எல்லாம் வீண். ஒவ்வொரு நகலிலும் கோடு சிறிது நகரும். சார்ட் தாள்களில் சில ஒருபுறம் மட்டுமே கருப்பு. அவற்றின் வெள்ளைப் புறத்தில் வரைந்து வெட்டினால் முகம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும் என்பதோடு, வெட்டிய விளிம்பில் வெள்ளை நூல்போலத் தெரியும். இருபுறமும் கருத்த, சற்றுத் தடித்த கிராப்ட் தாளாகக் கேட்டு வாங்குவது நல்லது. ஒரு ஏ4 தாளில் இரண்டு முகங்கள் அடங்கும்.

வெட்டும்போது கத்தரிக்கோலை நகர்த்தக் கூடாது, தாளைத்தான் திருப்ப வேண்டும். வலக்கை ஓரிடத்தில் நின்று வாயைத் திறந்து மூடுகிறது, இடக்கை தாளை மெல்ல மெல்ல ஊட்டுகிறது. தையல் மெஷினில் துணியைத் திருப்பித் தைத்தவர்களுக்கு இது சொல்லாமலே வரும். பெரிய கத்தரிக்கோல் வேண்டாம், நூல் வெட்டும் சின்ன எம்பிராய்டரி கத்தரி போதும். முகத்தை முதலிலும் கூந்தலைக் கடைசியிலும் வெட்டுவது என் வழக்கமாகிவிட்டது: கை சோராமல் இருக்கும்போது, பிடிப்பதற்குச் சுற்றிலும் தாள் மிச்சம் இருக்கும்போது, உதட்டை முடித்துவிட வேண்டும். உதட்டுக்கு வந்ததும் கத்தரியை மூக்கின் அடியிலிருந்து இறக்காமல், மேலுதட்டின் நுனியில் நிறுத்தி, தாளை எடுத்து மறுபக்கத்திலிருந்து அந்த நுனிக்கு வந்து சேர வேண்டும். இரண்டு வெட்டுகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன முக்கோணத் துணுக்கு உதிர்ந்து விழும். அது உதிர்ந்ததும்தான் தாளில் ஆள் தெரிவார். எண்ணெய் தடவி வாரிய தலைக்கு ஒரே வளைவு. சுருட்டை முடிக்குக் கத்தரியின் நுனியால் சின்னச் சின்னக் கொத்துகள். கண்ணாடி போட்டவர்களுக்கு மூக்குத்தண்டின் மேல் பிரேமின் முனை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் துருத்தி நிற்க வேண்டும். கழுத்தை நேராகத் துண்டித்து முடித்தால் வெட்டிய தலையாகத் தெரியும். மார்பின் மேல்பகுதிவரை கொண்டுவந்து மாவிலை நுனிபோல வளைத்து முடித்தால் அந்தக் கொடூரம் மறைகிறது.

கத்தரி பிடிக்கக் கை நடுங்குகிறவர்கள் கோட்டுக்குள் வண்ணம் தீட்டலாம். போஸ்டர் கலரை இரண்டு பூச்சாகத் தடவினால் போதும். மார்க்கர் பேனாவால் நிரப்பினால் கோடு கோடாகத் தெரியும். அகஸ்டே எதுவார் என்ற பிரெஞ்சுக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், நிழலும் இல்லாமல் கோடும் இல்லாமல், எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே கத்தரியால் முகத்தை வெட்டி எடுத்தார். பார்க்கப் பொறாமையாக இருக்கும் அந்த வித்தையை மூன்று வாரத்தில் கற்கப் போவதில்லை என்பதால் அது என் ஒப்பீட்டில் சேரவில்லை.

பைக்குகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கும் கடைகளையும் விசாரித்தேன். கருப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் கணினியில் கோடாக மாற்றி, கத்தி பொருத்திய மெஷினில் வினைல் தாளை வெட்டிக் கொடுக்கிறார்கள். கோடு பிசிறில்லாமல் விழுகிறது. கண்ணாடியிலும் டைல்ஸிலும் எவர்சில்வர் பாத்திரத்திலும் நன்றாக ஒட்டுகிறது, சுண்ணாம்பு அடித்த சுவரில் நிற்பதில்லை. ஒரே முகம் இருபது முப்பது வேண்டும் என்றால், உதாரணமாகப் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு டம்ளர் கொடுப்பதாக இருந்தால், இதைவிட நல்ல வழி இல்லை. ஒன்பது முகங்களும் ஒன்பது விதம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி ஆகிறது. இமைமுடி, கலைந்த முடிக்கற்றை போன்ற நுணுக்கமெல்லாம் மெஷினின் கையில் மழுங்கிப்போகிறது. கடைக்காரர் வெட்டியதை நான் வெட்டினேன் என்று கொடுக்கவும் மனம் வரவில்லை.

இந்தக் கட்டத்தில், பிள்ளைகளின் முகங்களுக்குக் கைப்பேசிப் படமும் கத்தரியும் என்று முடிவாகிவிட்டது. ஒரு முகத்துக்கு வெட்டுவதும் ஒட்டுவதுமாக முக்கால் மணி நேரம். ஒன்பது முகங்களுக்கும் தாள், பிரிண்ட், பசை எல்லாம் சேர்த்து நூறு ரூபாயைத் தாண்டவில்லை. ஆச்சி தாத்தாவுக்கும் அதையே செய்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மாதிரிக்கு ஆச்சியின் முகத்தைக் கருப்புத் தாளில் வெட்டி, வெள்ளை அட்டையில் ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டியதும் ஆச்சி கேட்டார்: “ஏட்டி, இப்பமே என்னைய படமாக்கி மாலை போடப் பாக்கியோ?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் அதில் நியாயம் இருந்தது. நம் வீடுகளில் வயதானவர் ஒருவரின் முகம் மட்டும் தனியாகச் சட்டத்துக்குள் சுவரில் ஏறுவது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் கருப்பில், அதுவும் மங்கல நாளில் கையில் கொடுப்பது! மேலைநாட்டு வழக்கத்தை அப்படியே எடுத்து வைத்தால் இப்படித்தான் இடிக்கும். பிள்ளைகளின் முகங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, ஒன்பது சேர்ந்து இருப்பதால் அது குடும்பப் படமாகவே தெரிந்தது. பெரியவர்களுக்குச் செய்பவர்கள் கருப்பை விட்டு அரக்கு, மயில்நீலம், கரும்பச்சை என்று ஆழ்ந்த நிறத்துக்குப் போவதும், ஒருவரைத் தனியாக வைக்காமல் இருவரை எதிரெதிராகப் பார்க்கும்படி வைப்பதும் நல்லது என்பதை அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் இன்னொரு வெட்டு முறை நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓவியர் பீல் நடத்திய அருங்காட்சியகத்தில், 1800-களின் தொடக்கத்தில், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற மோசஸ் வில்லியம்ஸ் என்பவர் வருகிறவர்களுக்கெல்லாம் நிழலுரு வெட்டிக் கொடுத்தார். முகக்கோட்டைத் தொட்டு நகரும் ஒரு கருவி அதைச் சிறிதாக்கித் தாளில் பதிக்க, மடித்த வெள்ளைத் தாளிலிருந்து அவர் முகத்தை வெட்டி எடுத்துவிடுவார். முக வடிவில் துளை விழுந்த தாளின் பின்னால் கருப்புத் துணியோ தாளோ வைத்தால் படம் ஆயிற்று. இரண்டு முறை மடித்தால் ஒரே வெட்டில் நான்கு படங்கள். இதில் வெளியே இருப்பது வெள்ளைத் தாள், உள்ளே தெரிவது நாம் பின்னால் வைக்கும் எதுவாகவும் இருக்கலாம். ஆச்சியின் பழைய கல்யாணப் பட்டுச்சேலை ஒன்று மடிப்புகளில் இற்றுப்போய்ப் பீரோவில் கிடந்தது. அரக்கு நிறம். அதில் நல்ல பகுதியிலிருந்து பத்துத் துண்டுகள் கத்தரித்துக்கொள்ள அவரே சம்மதித்தார்.

ஆகவே பெரியவர்களுக்குச் சுவர் நிழலைத் தேர்ந்தேன். இருவரும் ஊரிலேயே இருந்தார்கள், இருவராலும் அசையாமல் உட்கார முடிந்தது. சனிக்கிழமை இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சை மட்டும் போட்டுத் தாத்தாவை உட்காரவைத்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்கும்படி அவர் தன் சிறுவயதில் பாவைக்கூத்து பார்த்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டார். வாய் அசைகிறது, கோடு அசைகிறது, பேசவேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கதை முடிந்த பிறகு மூன்றாவது முயற்சியில் வரைந்ததே நின்றது. ஆச்சி கொண்டை போட்டு, வழக்கம்போல் ஒரு துண்டு மல்லிகைச்சரம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நிழலில் அந்தச் சரம் கொண்டையின் மேல் ஒரு வரிசைப் புள்ளிபோல விழுந்தது. கைப்பேசிப் படத்தில் அதை நான் கவனித்தே இருக்க மாட்டேன்.

இரண்டு கோடுகளையும் ஜெராக்ஸில் பாதியாக்கி, ஐந்து வெள்ளைத் தாள்களை அடுக்கி மேலே வைத்து ஸ்டேப்ளர் அடித்துப் பேப்பர் கட்டரால் வெட்டப் பார்த்தேன். ஐந்தாவது தாள் கிழிந்தது. நான்குதான் அளவு என்று தெரிந்துகொண்டு, ஐந்தாவதைத் தனியாக வெட்டினேன். எங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் படத்தில் தாத்தாவின் மோவாய் மற்ற நான்கைவிட இம்மி கூடுதலாக இருக்கிறது. மடித்து வெட்டினால் பாதி முகங்கள் இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் பார்க்கும் என்பதால்தான் மடிக்காமல் அடுக்கினேன். துளையை உள்ளிருந்து வெட்ட வேண்டியிருப்பதால் இதற்குக் கத்தரி பயன்படாது. கூரான புது பிளேடும், அடியில் வைக்க ஒரு பழைய டைல்ஸ் துண்டோ தடித்த அட்டையோ வேண்டும். கத்தரியோடு ஒப்பிட்டால் உதட்டின் நுனி இதில் சற்று எளிதாகவே வந்தது, கூந்தலின் வளைவுதான் படுத்தியது.

ஒட்டுவதில் ஒரு எச்சரிக்கை. பெவிகாலைத் தாராளமாகத் தடவினால் அதிலுள்ள நீரைக் குடித்துத் தாள் அலை அலையாக எழும்பிவிடும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் குளூ ஸ்டிக்தான் சரி. மைதாப் பசை மலிவு, ஆனால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பின்னட்டைக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் நல்ல தடித்த, தந்த நிறத் தாள்கள் உள்பக்கம் வெறுமையாக இருக்கின்றன. சட்டைப் பெட்டியின் அட்டையும் ஆகும். அல்வாப் பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம், எவ்வளவு துடைத்தாலும் ஒரு மாதத்தில் நெய் மேலே வந்துவிடுகிறது. பிள்ளைகளின் ஒன்பது முகங்களுக்கும் பின்னணியாக ஒரு பழைய பத்தமடைப் பாயின் கிழியாத பகுதியை வைத்துப் பார்த்தேன். கோரையின் வெளிர் மஞ்சள்மேல் கருப்பு எடுப்பாக இருந்தது, ஆனால் பாயின் நெளிவில் தாள் ஒட்டி நிற்கவில்லை. பாயைச் சுற்றிலும் கரையாக வைத்து, நடுவில் பத்திரிகைத் தாளில் முகங்களை ஒட்டியதும் சரியாக அமைந்தது.

உண்மையான செலவு சட்டத்தில்தான். திருநெல்வேலி டவுனில் விசாரித்தபோது, ஒரு சாதாரணக் கண்ணாடிச் சட்டத்தின் விலைக்கு நான் முப்பது முகங்களுக்குத் தாள் வாங்கிவிடலாம் என்று தெரிந்தது. வீட்டில் கிடந்த பழைய சட்டங்களைத் துடைத்துப் பயன்படுத்தியதில் ஐந்தில் மூன்று தேறின. சட்டம் போடாமல் கொடுப்பதாக இருந்தால் எம்பிராய்டரி வளையத்தில் துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் முகத்தை ஒட்டலாம், விலை குறைவு. ஆனால் கண்ணாடி இல்லாததால் நம் ஊர்த் தூசிக்குத் தாங்காது. எதில் வைத்தாலும் மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள், கருப்புச் சார்ட் சீக்கிரம் பழுப்பேறிவிடும்.

துளை வெட்டும் முறையில் ஒரு மிச்சம் இருக்கிறது. தாளிலிருந்து வெளியே எடுத்த முகங்கள், ஆச்சி ஐந்து, தாத்தா ஐந்து, வெள்ளையாக மேசையில் கிடந்தன. கூட்டிப் பெருக்கும்போது அவற்றையும் அள்ளப்போனேன். “அதைக் குப்பையில போடாதட்டி” என்று ஆச்சி வாங்கிக்கொண்டார். பத்தையும் அடுக்கி, இப்போது பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார்.